இருண்ட திரை



சென்ற கோடையில் ஒருநாள் மாலை, அருப்புக்கோட்டையில் நமக்கு அறிமுகமான நெசவாளர் ஒருவர் தம் இளைய மகளுடன் வந்தார். அவள் கையில் மடிக்கணினி ஒன்று இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அவளுடைய அக்காள் மேல்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் பெற்றது. கல்லூரி இறுதியாண்டில் பயிலும் தங்கை தன் ஆய்வேடு முழுவதையும் அதில்தான் தட்டெழுதி வைத்திருந்தாள். ஒப்படைக்க எட்டே நாள்கள். வேறு படி இல்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கரிசல் மண்போல் கருத்துக் கிடக்கிறது. உள்ளிருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் கூறினாராம்.

“தறி நின்னா, பாவு பூராவையும் அறுத்தெறிஞ்சிருவோமா சாமி? எந்த இழை அறுந்துச்சின்னுதான மொதல்ல பார்ப்போம்!” என்றார் தந்தை. கணிப்பொறியைத் தொட்டறியாத அவர் கூறியதே சரியான முறை.

பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸ் விழித்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரலே முதலில் எழுகிறது. அது ரேம் எனப்படும் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. அதன் பின்னரே வன்வட்டினைத் தேடி, அங்குள்ள விண்டோஸை அழைக்கிறது. திரை ஒளிரும் முன்னரே குறை காணின், பல பொறிகள் ‘பீப்’ என்று ஒலி எழுப்பும். அவ்வொலியின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நம் முன்னிருந்த பொறியும் விட்டுவிட்டு ஒலித்தது. வட்டினை அது இன்னும் எட்டவே இல்லை என்பது அதனால் விளங்கிற்று. எட்டாத வட்டை அழிப்பதால் யாது பயன்? ஆய்வேடு அன்றோ வட்டில் இருக்கிறது!

பங்கில் இத்துறை பயின்ற இளைஞர் ஒருவரை அழைத்தோம். மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். நிலைமின்சாரம் நீங்க உலோகத்தைத் தொட்டுக்கொண்டார். அடிமூடியைத் திறந்தால், நம் வட்டாரத்துக் கோடைப் புழுதி படிந்து கிடந்தது! ரேம் பலகையை எடுத்து, பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் அகற்றி, ‘டக்’கென்று ஒலிக்கும்வரை மீண்டும் பொருத்தினார். ரேமைக் கழற்றுவதால் எழுதி வைத்தது எதுவும் அழிவதில்லை என்று அப்பெண்ணுக்கு இருமுறை கூற வேண்டியதாயிற்று.

நிறுவனச் சின்னம் தோன்றியும் விண்டோஸ் வராத பொறிகளும் உண்டு. அங்குங்கூட, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து பொறியை எழுப்பி, கோப்புகளைப் படியெடுக்க முயல்வதே முதற்பணி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத் திரையுடன் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தார்கள். மாற்று யாது? பொறியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குவது. வட்டினை அழிக்கத் தேவை நேரவில்லை.

அன்று மாலை திரை ஒளிர்ந்தது. ஆனால் நாளும் நேரமும் தவறாகக் காட்டிற்று; இணையப் பக்கங்கள் திறக்க மறுத்தன. பொறி அணைந்திருக்கும்போதும் காலத்தைக் காத்துவரும் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தது. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அவ்வெண்ணின் பொருள். கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும்.

அதை மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். ஆய்வேட்டினை முதலில் பென்டிரைவில் படியெடுக்கச் செய்தோம். அவள் இரண்டில் எடுத்தாள். ஒன்றைத் தந்தையார் வாங்கித் தம் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.