வகுப்பறையும் ஓர் ஆசானே

சிறுவன் ஒருவன் வகுப்பில் செவிகளைப் பொத்திக்கொண்டு கதறுகின்றான். 'அடங்காப் பிள்ளை' என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். மின்விசிறியின் இரைச்சலும், பெஞ்சுகள் தரையில் உராயும் ஓசையும், நாற்பது பிள்ளைகளின் குரலும் ஒருங்கே அவன் செவியில் மோதுவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குறையைப் பிள்ளையிடத்துத் தேடுமுன் அறையினிடத்துத் தேடுதல் முறையன்றோ?

ஆட்டிசம் என்னும் நிலையை 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைக் கொண்டு விளக்கிய மருத்துவர் லியோ கானர், அவர்கள் பேரொலிக்கு அஞ்சுவதையும், சூழல் மாறாதிருத்தலை விரும்புவதையும் அன்றே குறித்தனர். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் முதலியோர் வகுத்து, 1972-இல் மாகாணமெங்கும் நிறுவப்பெற்ற கல்விமுறை இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. அம்முறையில் படிப்பதற்கு ஓரிடமும், விளையாடுதற்கு ஓரிடமும் அலமாரியாலோ தட்டியாலோ பிரிக்கப்பெறும். அன்றைய வேலைகள் படங்களாக வரிசையில் நிற்கும். அடுத்து யாது நிகழும் என்பதை அறிந்த பிள்ளைக்கு அச்சம் குறைகின்றது.

'உலகம் ஓசையின்றி இராதே. இவ்வாறு பொத்தி வளர்த்தல் தகுமோ?' என்று வினவுவோர் உளர். வினா நேரியதே. எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் மக்டா மொஸ்தஃபா இதற்கு விடை கூறியுள்ளார். ஓசை மிகக் குறைந்த அறையிலிருந்து சிறிது மிகுந்த அறைக்கு, அதனின்றும் பொது வகுப்பிற்கு எனப் பிள்ளையைப் படிப்படியாக அழைத்துச் செல்லல் வேண்டும் என்பதே அவர் கருத்து. மனம் கலங்கும்போது ஒதுங்கியிருக்க அமைதியான மூலை ஒன்றும் வேண்டும் என்பர். அம்மூலை அடைக்கலமேயன்றித் தண்டனையன்று.

எனினும் ஒருவனுக்கு ஒவ்வாத ஒலி மற்றொருவனுக்கு இனிதாதலும் உண்டு. ஆதலின் அறையை மாற்றுமுன் பிள்ளையைப் பொறுமையோடு உற்று நோக்குதல் ஆசிரியரது முதற்கடமையாம்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்விச்சாலைகள் ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற வசதி செய்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. ஆகவே இது நாம் இரங்கி அளிக்கும் தானமன்று, அப்பிள்ளையின் உரிமை.

பெரும் பொருள் வேண்டுமென்று அஞ்சற்க. பெஞ்சின் கால்களுக்கு ரப்பர் உறை, மினுக்கும் விளக்கிற்கு மாற்று, சுவரில் வீண் படங்களைக் குறைத்தல், ஒரு திரை, ஒரு பாய்: தொடங்குதற்கு இவை போதும். நம் கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்லும் நண்பர்காள்! நாளை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை செவி பொத்தினால், பிரம்பைத் தேடாதீர். கதறலின் காரணத்தைத் தேடுங்கள்.