நல்ல சர்வாதிகாரி உண்டா?

யானை மிதித்த தோட்டத்தில் நிற்கும் பேத்துப்பாறை விவசாயி, “நமக்கும் ஒரு லீ குவான் யூ வரவேண்டும், ஐயா!” என்றால் அவரை நோக முடியாது. 1959 முதல் 1990 வரை சிங்கப்பூர்ப் பிரதமராயிருந்த லீ, குடிசைவாசிகளுக்கு மாடிவீடு கொடுத்தார்; லஞ்சத்தை ஒடுக்கினார்; தமிழும் அங்கே ஆட்சிமொழி. தேர்தல்கூட நடத்தினார்.

நிற்க. ‘நல்ல சர்வாதிகாரி’ என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் சியா தை போவை ஏனோ மறந்துவிடுகிறார்கள். இந்த எதிர்க்கட்சிக்காரரை 1966-இல் பிடித்து, விசாரணையின்றி 1989 வரை அடைத்து வைத்தார்கள். பிறகாவது விட்டார்களா? செந்தோசாத் தீவில் இருத்தினார்கள். கட்டுப்பாடுகள் முழுதும் நீங்கியது 1998-இல்!

லீ நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் தவறினால் தட்டிக் கேட்பது யார்? பேத்துப்பாறை விவசாயி வனத்துறை அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம், இழுத்தடிப்பார்கள், மெய்தான். சியாவை அத்தனை காலம் அடைத்து வைத்ததற்குக் கடைசிவரை ஒரு வழக்குக்கூடப் போடவில்லை.