'வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு!'

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு வியாதிகள் வந்துவிடும். இருபது டிகிரியைக் குளிர் என்று நம்பிக் காதோடு சேர்த்து மஃப்ளர் கட்டிக்கொள்வது ஒன்று. கச்சேரி கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சபா கேன்டீன் வாசலில் க்யூவில் நிற்பது இன்னொன்று.

எனக்கு இரண்டாவது வியாதி உண்டு. ராகம் தெரியாது, ரவா தோசை தெரியும். அதனால் போகிறேன். போன சீசனில் என் எதிரே ஒரு பெரியவர். வாழை இலையில் கீரை வடை, அவியல், அசோகா அல்வா. ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடியபடி சொன்னார்:

"அடடா... வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு, சார்!"

பக்கத்தில் அவருடைய மனைவி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஓட்டலுக்கு நாம் தருகிற மிகப் பெரிய சர்டிஃபிகேட் அது. சரி, உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வீட்டுச் சாப்பாடு அவ்வளவு உசத்தி என்றால், அதை வீட்டில் சாப்பிடும்போது என்றைக்காவது கண்ணை மூடி 'அடடா' என்று சொன்னது உண்டா?

வீட்டில் நாம் சொல்வது என்ன? "உப்பு கம்மி." "நேத்து வச்ச குழம்பா?" "இன்னைக்கும் பொங்கலா?" அவ்வளவுதான். பாராட்டு ஓட்டல்காரருக்கு. புகார் வீட்டுக்காரிக்கு. என்ன நியாயம் இது?

உடனே ஒருவர் எழுந்திருப்பார். "நாங்க ஓட்டலுக்கே போறதில்ல, சார். அநாவசியச் செலவு. வீட்ல பண்ணா பாதி விலை. உடம்புக்கும் நல்லது."

பாதி விலை! இந்தப் பொய்யைத்தான் இன்றைக்கு உடைக்கப் போகிறேன். நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்ட்ஸில் முதல் பாடமே, அடக்கவிலை என்பது மூலப்பொருள், கூலி, இதர செலவு மூன்றும் சேர்ந்தது என்பதுதான். வாருங்கள், நான்கு பேருக்கு ஒரு காலை நேரப் பொங்கலுக்குக் கணக்குப் போடுவோம்.

பச்சரிசி 300 கிராம், 18 ரூபாய். பாசிப்பருப்பு 150 கிராம், இன்னொரு 18. நெய்க்கு 50. மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி எல்லாம் சேர்ந்து 20. சாம்பார், சட்னி, காஸ் வகையில் ஒரு 54. ஆக மொத்தம் 160 ரூபாய். எங்கள் பேட்டையில் சுமாரான ஓட்டலில் ஒரு பிளேட் பொங்கல் 80 ரூபாய். நான்கு பிளேட் 320. 5 சதவிகித ஜி.எஸ்.டி. 16 ரூபாய். மொத்தம் 336. "பாத்தீங்களா? 176 ரூபா மிச்சம்!" என்கிறீர்கள்.

கொஞ்சம் இருங்கள். கூலி என்ற வரியில் என்ன எழுதினீர்கள்? காலியாக விட்டிருக்கிறீர்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குக்கர் வைத்து, தேங்காய் துருவி, சட்னி அரைத்து, தாளித்து, பரிமாறி, பாத்திரம் ஒழித்துப் போட ஏழரை மணி. இரண்டரை மணி நேரம். எங்கள் குடியிருப்பில் சமைத்துக் கொடுக்க வருகிற அம்மா மணிக்கு 100 ரூபாய் கேட்கிறார். அந்த ரேட்டையே போடுங்கள். கூலி 250. இப்போது உங்கள் வீட்டுப் பொங்கலின் அடக்கவிலை 410 ரூபாய். ஓட்டலைவிட 74 ரூபாய் அதிகம்!

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓட்டலில் ஒரே அடுப்பில், ஒரே அண்டாவில் இருநூறு பேருக்குப் பொங்கல் வேகிறது. ஒரு சமையல்காரரின் கூலி இருநூறு பிளேட்டில் பங்கு பிரிகிறது. வீட்டில் அது நான்கே பிளேட்டில் விழுகிறது. ஆக, வீட்டுச் சாப்பாடு மலிவு என்பதன் ரகசியம் சிக்கனம் அல்ல. ஒருத்தருக்குச் சம்பளம் தராமல் இருப்பதுதான்.

"பெண்டாட்டிக்குச் சம்பளமா? பாசத்துக்கு விலை போடறீங்களே" என்று கோபப்படாதீர்கள். நான் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை. கணக்கில் பொய் எழுதாதீர்கள் என்கிறேன். கடனுக்கு வாங்கியதை 'இலவசம்' என்று எழுதினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

இந்தப் பொய்யை நாம் மட்டும் எழுதவில்லை. தேச வருமானக் கணக்கும் அப்படித்தான். மெஸ் நடத்துகிறவர் செய்யும் சாம்பார் ஜி.டி.பி.யில் சேரும். அதே சாம்பாரை உங்கள் வீட்டில் செய்தால் சேராது. பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் 1920-லேயே இந்த வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். சம்பளத்துக்கு வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால், தேச வருமானம் குறைந்துவிடும்! வேலை அதேதான். அடுப்பும் அதேதான். சம்பளம் மட்டும் நின்றுவிட்டது.

இந்த வேலை எவ்வளவு என்பதை மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகமே அளந்திருக்கிறது. சமையல், துவைத்தல், பெருக்குதல் என்று சம்பளம் இல்லாத வீட்டுவேலைக்கு ஒரு பெண் ஒரு நாளில் செலவழித்தது 2019 சர்வேயில் 299 நிமிடம். 2024 சர்வேயில் 289 நிமிடம். அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. ஆண்கள்? 2019-ல் 97 நிமிடம். 2024-ல் 88. அதுவும் ஏதாவது ஒரு வேலை செய்த ஆண்களின் சராசரி. துரும்பைக்கூட எடுத்துப் போடாத மகாராஜாக்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை.

கவனித்தீர்களா? ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. விடுவோமா நாம்? நாமும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டோம்!

இது வருடம் முழுக்க நடப்பதுதான். ஆனால், பனிக்காலத்தில் வந்து பாருங்கள். பனியில் தோசை மாவு சீக்கிரம் பொங்காது. சாயங்காலம் அரைக்க வேண்டியதை மத்தியானமே அரைத்து, கதகதப்பான இடம் தேடி வைக்க வேண்டும். திருவாதிரைக்குக் களியும் ஏழு கறிக் குழம்பும். அந்தக் குழம்புக்குப் பச்சை மொச்சை உரிக்க வேண்டும், சிறுகிழங்கு தோல் நீக்க வேண்டும். சிறுகிழங்கு உரித்த விரலைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு போக இரண்டு நாளாகும். குழம்பு ருசி நமக்குத் தெரியும். விரல் தெரியாது.

வைகுண்ட ஏகாதசிக்கு ஐயா விரதம். விரதம் என்றால் பட்டினி இல்லை. அரிசிதான் கூடாது. ஆகவே கோதுமை ரவை உப்புமா, தனியாக. மறுநாள் விடிவதற்குள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். கூடாரவல்லிக்கு அக்காரவடிசல். வீட்டில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் 'சாமி' ஆகிவிடுவார். சாமிக்கு முன்னால் எழுந்து, குளித்து, தனி அடுப்பில் சமைக்க வேண்டியவர் யார்? கிறிஸ்துமஸ் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? கேக்குக்கு முட்டை அடிப்பதும், நடுராத்திரி வரை அச்சுமுறுக்கு சுடுவதும் பெண்கள்தான். பூசை முடித்து வந்து "பிரியாணி ரெடியா?" என்று கேட்பது ஆண்கள்.

"என்ன பண்றது சார், ஆம்பளைக்குச் சமையல் வராதே!"

வாருங்கள், மறுபடி சபா கேன்டீனுக்கே போவோம். கொஞ்சம் எட்டி, திரைக்குப் பின்னால் பாருங்கள். வாணலியில் வடை தட்டுவது யார்? ஆண். சாம்பார் அண்டாவைக் கிளறுவது? ஆண். மாவு கரைப்பது, தோசை வார்ப்பது, காபி ஆற்றுவது? ஆண், ஆண், ஆண்.

1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கிய நகரம் இது. டிசம்பர் சீசனில் பாட்டுக்கு எத்தனை புகழோ, சாப்பாட்டுக்கும் அத்தனை புகழ். 'அறுசுவை அரசு' நடராஜன் என்று ஊரே பட்டம் கொடுத்துக் கொண்டாடியது. 'மவுண்ட்பேட்டன்' மணி ஐயர் என்று வைஸ்ராயின் பெயரையே சூட்டியது. அவர்கள் தகுதியானவர்கள்தான். அதில் சந்தேகம் இல்லை. புராணத்துக்குப் போனாலும் நளபாகம், பீமபாகம். இருவருமே மீசைக்காரர்கள். திரௌபதி பாகம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆக, ஆண்களுக்குச் சமையல் வரும். நன்றாகவே வரும். சம்பளமும் பட்டமும் இருந்தால் வரும். இரண்டும் இல்லாத இடத்தில்தான் 'வராது'. இதற்குப் பெயர் திறமைக் குறைவு அல்ல. சாமர்த்தியம்.

நீதிமன்றங்கள் மெல்ல விழித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுப் பெண்கள் விபத்தில் இறந்தால் நஷ்டஈடு கணக்கிட, அவர்களுடைய வேலைக்கும் ஒரு மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அவள் வீட்டில் உழைத்ததால்தான் அவன் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். அதே 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு 'உரிமைத் தொகை' என்றுதான் பெயர் வைத்தது. உதவித் தொகை என்று வைக்கவில்லை. டீக்கடையில் நாம் அதற்கு வைத்த பெயர் 'ஓசி'. ஐந்து மணிக்கு எழுந்தவளுக்குக் கொடுத்தது ஓசி என்றால், எட்டு மணிக்கு எழுந்து தட்டின் முன்னால் உட்காருகிறோமே, அதற்கு என்ன பெயர்?

"அப்ப தினமும் ஓட்டல்ல சாப்பிடச் சொல்றீங்களா?" இல்லை. ஓட்டல் எண்ணெயைப் பற்றி எனக்கும் தெரியும். சமைத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக்கூடாது என்று, அது கெட்டுப்போகும் அளவுக்கே ஓர் உச்சவரம்பை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதிக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாப்பாடுதான் நல்லது. ஒத்துக்கொள்கிறேன். நல்லது என்றால் அதை எல்லோரும் சேர்ந்து செய்யலாமே என்பதுதான் என் கட்சி. உங்கள் ஆரோக்கியத்துக்கு இன்னொருத்தர் இடுப்பு ஏன் ஒடிய வேண்டும்?

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியமா? இல்லை. நானும் அதே பெரியவர்தான். என்னைத் திருத்தியது ஒரு தோசை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை. காஸ் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் குடும்பத்தோடு பக்கத்து ஓட்டலுக்குப் போனோம். நான் வழக்கம்போல விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். தோசை வந்தது. ஆவி பறந்தது. என் மனைவி ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, தோசைய சூடா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

எனக்கு விளங்கவில்லை. தினமும் வீட்டில் தோசைதானே? அப்புறம்தான் உறைத்தது. தினமும் தோசைதான். எனக்குச் சூடாக. பிள்ளைகளுக்குச் சூடாக. கல்லில் இருந்து தட்டுக்கு, கல்லில் இருந்து தட்டுக்கு. எல்லோரும் எழுந்த பிறகு, கடைசி மாவில் இரண்டு வார்த்து, அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்துவிட்டு அவள் உட்காரும்போது தோசை ஆறிப்போய் வரட்டியாகியிருக்கும். பதினெட்டு வருடமாக நான் சாப்பிட்டது வீட்டுச் சாப்பாடு. அவளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவே இல்லை. யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, சூடாகச் சாப்பிடுவதற்குப் பெயர்தான் வீட்டுச் சாப்பாடு என்றால், அது அவளுக்குக் கிடைக்கிற ஒரே இடம் ஓட்டல்!

அந்தப் பெரியவரின் மனைவி ஏன் பேசாமல் சாப்பிட்டார் என்பது இப்போது புரிகிறது. அவர் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் கெடுப்பானேன் என்று பேசவில்லை.

உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. மார்கழியில் நாலைந்து ஞாயிறு வருகிறது. அந்தக் காலைகளில் அடுப்படி உங்களுடையது. பொங்கல் கம்ப சூத்திரம் இல்லை. இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பருப்பு, தாராளமாகத் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில், கடைசியில் மிளகு சீரகம் தாளித்த நெய். குழைந்தால் நல்லது, அதுதான் பொங்கல். ஆனால் ஒரு நிபந்தனை. பாத்திரத்தையும் நீங்களே தேய்க்க வேண்டும். சமைத்துவிட்டு அடுப்படியை யுத்தகளமாக விட்டுவிட்டு வந்து, 'எப்படி இருக்கு?' என்று பத்து முறை கேட்டுப் பாராட்டு வசூலிக்கக் கூடாது.

நான் செய்து பார்த்துவிட்டேன். முதல் ஞாயிறு பொங்கல் அடிபிடித்தது. மனைவி சூடாக ஒரு வாய் சாப்பிட்டாள். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"உப்பு கம்மி" என்றாள்.

கோபம் வந்தது, சார். நிஜமாகவே வந்தது. அப்போதுதான் அந்த இரண்டு வார்த்தையின் எடை தெரிந்தது.