காக்ளியர் கருவி தோற்ற இடமெல்லாம் மூளைத்தண்டுக் கருவிக்கு உரிய இடமா?

காக்ளியர் கருவியால் பலன் இல்லையென்றால் அடுத்தது மூளைத்தண்டுக் கருவிதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது ஆபத்தான எளிமைப்படுத்தல். காக்ளியர் கருவி செவிநரம்பைத் தூண்டுவது. ஏபிஐ எனப்படும் மூளைத்தண்டுக் கருவியோ அந்த நரம்பை முற்றிலும் விட்டுவிட்டு, மூளைத்தண்டிலுள்ள காக்ளியர் உட்கருவை நேரடியாகத் தூண்டுவது. மண்டையோட்டைத் திறந்து மூளையின் நான்காம் அறையருகே மின்முனைத் தகட்டை வைக்க வேண்டும். செவித்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது இதற்கு அளவுகோல் ஆகாது. உட்செவியிலுள்ள காக்ளியாவிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் பாதை இருக்கிறதா, இல்லையா என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

காக்ளியர் கருவி பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் பல. வயது கடந்து பொருத்தியிருக்கலாம். மின்முனை இடம் மாறியிருக்கலாம். மின்முனைகளின் தூண்டலை ஆளுக்கேற்ப அமைக்கும் மேப்பிங் சரியில்லாமலோ பேச்சுப் பயிற்சி போதாமலோ இருக்கலாம். இவை எதையும் மூளைத்தண்டுக் கருவி சரிசெய்யாது.

எம்.ஆர்.ஐ.யில் நரம்பு தெரியவில்லை என்றால் முடிவு உறுதி என்று சொல்லப்படுவதும் சரியல்ல. உட்செவிக் குழாய்க்குள் முகநரம்பு, செவிநரம்பு, சமநிலை நரம்பின் இரு கிளைகள் என நான்கு நரம்புகள் நெருக்கமாகச் செல்கின்றன. குழாய் குறுகலாக இருந்தாலோ நரம்பு நூலிழை போல மெலிந்திருந்தாலோ ஸ்கேன் அதைப் பிரித்துக் காட்டாமல் போகலாம். சில குழந்தைகளிடம் செவிநரம்பின் இழைகள் சமநிலை நரம்போடு சேர்ந்தே செல்வதாகக் கருதப்படுகிறது. நரம்பு இல்லை என்று ஸ்கேன் சொன்ன குழந்தைகளில் சிலர் ஒலிக்குத் திரும்பியிருக்கிறார்கள். காக்ளியர் கருவியால் பேச்சை அறிந்தவர்களும் உண்டு. எனவே படத்தோடு செவித்திறன் சோதனைகளையும், மின்தூண்டலுக்கு மூளைத்தண்டு காட்டும் எதிர்வினையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மின்முனையை ஏற்கும் அளவுக்குக் காக்ளியா இருந்தால் முதலில் காக்ளியர் கருவியைப் பொருத்திப் பார்ப்பது பல மையங்களின் நடைமுறை. ஆனால் இந்தக் காத்திருப்புக்கு எல்லை உண்டு. மொழி கற்கும் பருவம் தாண்டிவிட்டால் பின்னர் வைக்கும் மூளைத்தண்டுக் கருவியின் பலனும் சுருங்கும். உட்செவியே உருவாகாத மிஷேல் குறைபாட்டில் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. மின்முனையை வைக்க அங்கே இடமே கிடையாது.

மூளையுறை அழற்சிக்குப் பின் காக்ளியா எலும்பாக இறுகியவர்களையும், தலைக்காயத்தில் செவியைச் சூழ்ந்த பொட்டெலும்பு முறிந்தவர்களையும் மூளைத்தண்டுக் கருவிக்கு உரியோர் பட்டியலில் உடனே சேர்ப்பது தவறு. இவர்களில் பெரும்பாலோருக்கு நரம்பு உயிரோடு இருக்கிறது. இறுகிய காக்ளியாவைத் துளைத்துச் சில மின்முனைகளையாவது உள்ளே வைத்துவிட்டால், மூளைத்தண்டுக் கருவியைவிடத் தெளிவான பேச்சறிவு கிடைக்க வாய்ப்பு அதிகம். எலும்பு முறிவில் இருபுறமும் நரம்பு அறுந்துபோவது அரிது. காக்ளியா முழுவதும் இறுகி வழியே இல்லாதபோதோ இருபுறமும் நரம்பு அறுந்திருக்கும்போதோதான் இவர்களுக்கு ஏபிஐ பொருந்தும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழையான வாதம் உண்டு: மூளைத்தண்டுக் கருவி, செவியிலிருந்து வரும் நரம்புகளில் இருபுறமும் கட்டி வளரும் என்எஃப்2 நோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்பது. வரலாறு அங்கிருந்து தொடங்கியது உண்மை. 1979இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ், வில்லியம் ஹிட்செல்பர்கர் இருவரும் முதல் கருவியை அத்தகைய நோயாளிக்கே பொருத்தினார்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000இல் 12 வயது நிரம்பிய என்எஃப்2 நோயாளிகளுக்கு அனுமதி அளித்தது. ஆனால் இத்தாலியின் வெரோனாவில் விட்டோரியோ கொலெட்டி, கட்டி இல்லாத குழந்தைகளுக்கும் பொருத்திக் காட்டினார். சென்னையிலும் குழந்தைகளுக்கு இந்த அறுவை செய்யப்பட்டிருக்கிறது. என்எஃப்2 உள்ள எல்லோருக்கும் இது தேவை என்பதும் இல்லை. கட்டியை அகற்றும்போது செவிநரம்பைக் காப்பாற்ற முடிந்தால் காக்ளியர் கருவியே நல்ல தெரிவாகலாம்.

மூளைத்தண்டுக் கருவியைப் பொருத்தினால் பேச்சு தானாக வரும் என்ற நம்பிக்கைதான் குடும்பங்களை அதிகம் வருத்துகிறது. பெரும்பாலோர் பெறுவது ஒலியுணர்வும் உதட்டசைவைப் படிக்கக் கூடுதல் துணையும். உதட்டைப் பார்க்காமலே பேச்சைப் புரிந்துகொள்வோர் சிலரே. சில மின்முனைகள் ஒலிக்குப் பதில் முகத்துடிப்பு, இருமல், தலைச்சுற்றல் ஆகியவற்றைத் தூண்டுவதால் அவற்றை அணைத்துவிட நேரும். பிறவியிலிருந்தே ஒலி அறியாமல் வளர்ந்த பெரியவர்களுக்கு இக்கருவி பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தைக்குப் பரிந்துரைக்கும் முன் ஆண்டுக்கணக்கில் மேப்பிங்குக்கும் பயிற்சிக்கும் வர அந்தக் குடும்பத்தால் முடியுமா என்பதையும் மதிப்பிட வேண்டும். சைகை மொழியை அறுவைக்கு முன்பே தொடங்கி, அறுவைக்குப் பின்னும் தொடர வேண்டும் என்பதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.