13 பிளஸ்ஸும் ஒரு கிளாஸ் டீயும்

விடிந்தும் விடியாமலும் போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோற்றோடு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளப் பக்கத்துத் தோட்டங்கள். காய் எடுத்துவிட்டு அவர்கள் மலை இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

பள்ளிக்கூடமோ அதற்கு முன்பே விட்டுவிடும். அம்மா வருகிற வரை பிள்ளைக்குத் துணை மூன்று: அப்பத்தா, செல்போன், தெருமுனைப் பெட்டிக்கடை.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு மூன்று. போனில் ஒரு படம் அலறுகிறது.

"ஏய்யா, பேய்ப் படமா பாக்குற? ராத்திரி ஒண்ணுக்குப் போக என்னய எழுப்பக் கூடாது, சொல்லிப்புட்டேன்!"

"இது பதிமூணு பிளஸ்தான் அப்பத்தா. 'ஏ' படம் இல்ல."

அப்பத்தாவுக்கு 'பிளஸ்' புரியவில்லை. பேரன் சொன்ன தோரணையில் ஏதோ சர்க்கார் அனுமதி போல இருந்தது. சரியென்று அடுப்படிக்குப் போய் ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வைத்தார். பேரனுக்கு ஒரு கிளாஸ். அழுத பேத்திக்கும் ஆற்றிக் கொஞ்சம்.

ஒரே சாயங்காலத்தில் இரண்டு வயது வரம்புகள் மீறப்பட்டுவிட்டன. ஆனால், அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை.

அந்த எண் யாருக்கு?

முன்பெல்லாம் சினிமா சான்றிதழ் என்றால் 'யு', 'யு/ஏ', 'ஏ' என்று சுருக்கமாக முடிந்துவிடும். 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, நடுவில் இருந்த 'யு/ஏ'வை 7 பிளஸ், 13 பிளஸ், 16 பிளஸ் என மூன்றாகப் பிரித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையையும் பதினைந்து வயதுப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால் இது நல்ல மாற்றம்தான்.

ஆனால், பலரும் கவனிக்காத ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த வயது எண்களை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் பெற்றோரும் பாதுகாவலரும் மட்டுமே. 'ஏ' படத்துக்கு 18 வயது ஆகாதவர்களைத் தியேட்டரில் உள்ளே விடக்கூடாது. 13 பிளஸ் படத்துக்கு ஒன்பது வயதுப் பையன் வந்தால், அவனைத் தடுக்கும் பொறுப்பு டிக்கெட் கிழிப்பவருடையது அல்ல. கூட வந்த அப்பா அம்மாவினுடையது.

அதாவது அந்த எண், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பிப் போடப்பட்டது. பக்கத்தில் இருக்க வேண்டியவர் அந்த நேரத்தில் மலைமேல் காய் எடுத்துக்கொண்டிருந்தால்?

பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

ஓ.டி.டி. தளங்களுக்கு 2021-ல் விதிகள் வந்தன. 13 பிளஸ்ஸும் அதற்கு மேற்பட்டதும் என்றால், பெற்றோர் பூட்டிவைக்க வசதி தர வேண்டும். பூட்டு இருக்கிறதுதான். ஆனால், பல வீடுகளில் அதைப் போட்டுத் தந்ததே பையன்தான்! பின் நம்பர் அவனுடைய பிறந்த வருஷமாகவும் இருக்கும்.

இன்னொன்று, விரலால் தள்ளத் தள்ள வருகிற குட்டி வீடியோக்கள். படத்துக்குத் தணிக்கை உண்டு. அந்தப் படத்தின் வெட்டுக்குத்துக் காட்சியை மட்டும் கத்தரித்து யாரோ போடுகிற முப்பது விநாடித் துண்டில் எந்த எண்ணும் இருக்காது.

டீக்கும் வயசு உண்டு

சாப்பாட்டுக்கும் இப்படி வயதுக் கணக்கு இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐ.ஏ.பி. 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஐந்து வயதுக்குள் டீ, காபி வேண்டாம். ஐந்து முதல் ஒன்பது வரை நாளுக்கு அதிகபட்சம் அரை கப். பத்து முதல் பதினெட்டு வரை ஒரு கப். எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்த டின்னிலேயே அச்சிட்டிருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்!

பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனிகளை விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. ஐம்பத்தோராவது மீட்டரிலிருந்து வீட்டுப் பொறுப்பு.

அப்பத்தாக்களிடமும் வயதுக் கணக்கு உண்டு. பல் முளைக்கும் முன் குழைத்த சோறு, காரத்துக்கு ஒரு வயசு, கறிக்கு ஒரு வயசு. அதில் பெரும்பாலானவை நல்ல கணக்குகள். ஒன்றை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கிற வழக்கம். மலைத்தேனே ஆனாலும் ஒரு வயது முடியும் வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகலாம்.

அம்மா என்ன செய்யலாம்?

வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது. போனைப் பிடுங்கி வைத்தால் பையன் பக்கத்து வீட்டுப் போனில் பார்ப்பான். முடிகிறதைச் செய்யலாம். பூட்டை அம்மாவே போடட்டும், யாருடைய பிறந்தநாளும் இல்லாத எண்ணாக. படம் பார்ப்பது கூடத்தில், சத்தம் வெளியே கேட்கும்படி இருக்கட்டும். காதில் மாட்டுகிற வயர் வேண்டாம். அப்பத்தா 'நிறுத்து' என்றால் மறுபேச்சில்லாமல் நிறுத்த வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் இருக்கட்டும். அவருக்கு 'பிளஸ்' தெரிய வேண்டியதில்லை. பேரன் முகம் மாறுவது தெரிந்தால் போதும்.

ராத்திரி சோறு போடும்போது, "படிச்சியா?" என்று கேட்கும் முன், "இன்னைக்கு என்னய்யா பாத்த?" என்று கேட்கலாம். திட்டு விழாது என்று தெரிந்தால் பிள்ளை சொல்லிவிடும். பயந்ததையும் சேர்த்தே சொல்லும்.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முதலில் சல்லடை. எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த காயெல்லாம் கீழே விழுந்துவிடும். அதோடு வேலை முடிவதில்லை. பெண்கள் உட்கார்ந்து வெடித்த காய், நிறம் மங்கிய காய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் பொறுக்குவார்கள். சல்லடைக்குப் பருமன் மட்டும்தான் தெரியும்.

13 பிளஸ் என்பதும் ஒரு சல்லடைதான். பொறுக்குகிற வேலை வீட்டில் இருக்கிறது. பகலெல்லாம் காய் எடுத்த கைகளுக்கு அது தெரியாத வேலையும் இல்லை.