சார்ப்பு இறக்கிய வீடு



இம்மாத அட்டைப்படத்தைப் பார்த்ததும், "இந்தக் கோணல் வீட்டையா போட்டிருக்கிறீர்கள்?" என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். உண்மைதான். கூரை முகடு தொய்ந்திருக்கிறது, சுவர்கள் நேராக இல்லை. ஆனால் அதன் சட்டத்துக்கு வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணி ஆராய்ந்தவர்கள், 1637க்கும் 1641க்கும் இடையில் எழுந்த வீடு என்கிறார்கள். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையது என்ற பெயர் இதற்கு உண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை அடுத்த டெடம் ஊரில் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து குடியேறிய ஜோனதன் ஃபேர்பேங்க்ஸ், மனைவி கிரேஸோடும் பிள்ளைகளோடும் வாழக் கட்டிய பண்ணை வீடு. அந்த மண் அதற்கு முன்பு மாசசூசெட் பழங்குடியினருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் கட்டியது கீழே இரண்டு அறை, மேலே இரண்டு. நடுவில் பெரிய செங்கல் புகைபோக்கி. ஒரே புகைபோக்கி இரு பக்க அறைகளுக்கும் சூடு கொடுத்துவிடும். அந்தக் குளிருக்கு இதைவிடச் சிக்கனமான திட்டம் இல்லை. ஓர் அறையில் சமையல், சாப்பாடு, அன்றாட வேலை எல்லாம். மற்றதில் நல்ல தட்டுமுட்டுச் சாமான்கள், கூடவே பெற்றோரின் கட்டிலும்! வரவேற்பறையில் கட்டிலா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓக் கட்டைகளின் முனைகளைச் சீவி, துளையில் செருகி, மர ஆணி அடித்து இறுக்கிய சட்டம்தான் வீட்டைத் தாங்குகிறது.

பிறகு குடும்பம் பெருகியது. பின்புறம் ஒரு சார்ப்பு இறக்கினார்கள். பக்கங்களில் வேறு வகைக் கூரையோடு அறைகள் சேர்த்தார்கள். பழையதை இடிக்கவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எட்டுத் தலைமுறை அங்கேயே வாழ்ந்தது. இப்போது அந்தக் குடும்பத்தாரின் சங்கமே அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. பாரம்பரியப் பற்றைவிட, புதிதாகக் கட்டப் பணம் மிஞ்சாததே இதைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம். வசதி வந்த வீடுகள்தான் முதலில் இடிபடுகின்றன.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துக் கூடம், அப்பா இறக்கிய சார்ப்பு, அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட மாடியறை என்று இருக்கும். ஒரு தாளில் படம் வரைந்து, எந்த அறை யார் காலத்தில் வந்தது என்று குறித்து அனுப்புங்கள். கோணலாக வரைந்தாலும் அடுத்த இதழில் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்