வாசலுக்கு வந்த வினாத்தாள்

 

போடிநாயக்கனூரை அடுத்த எங்கள் பொட்டிபுரத்தில், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் வீடு திரும்பினேன். திண்ணையில் சுகாதாரத் தன்னார்வலரான ஒரு சகோதரி, மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு என் தாயாரிடம் ஏதோ வினவிக் கொண்டிருந்தார். வீட்டுக்குப் பொறுப்பானவன் என்ற மிடுக்கில் நானே முன்வந்து விடை கூறத் தொடங்கினேன். குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா? "இல்லை." புகையிலைப் பழக்கம்? "ஆலிம் வீட்டில் அதெல்லாம் ஏதம்மா?" வாயில் ஆறாத புண்? "ஒன்றும் கிடையாது." ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

அவர் தெரு திரும்பிய பிறகு அம்மா சொன்னார்கள்: "என்னைத்தானேப்பா கேட்டாள்? நீ ஏன் சொன்னாய்?" அவர்களுடைய வெற்றிலைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையும் மெல்லுகிறார்கள். வலது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். என் மானத்தைக் காப்பதற்காக அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். குளிப்புக் கடமையாகிவிட, தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்து போனார். இதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்ற கருத்தை உரைத்தார்கள். இதை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். தெரியாமல் விடை சொன்னவர்களின் வரிசையில் நானும் நிற்பேன் என்று எண்ணியதில்லை.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். நோய் வந்த பின் மருந்து தேடுவதற்கு மாறாக, வருமுன் யாருக்கு ஆபத்து மிகுதி என்று கேள்விகளால் கண்டறியும் முறை இது. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் நகரில் 1948-இல் தொடங்கிய இதய நோய் ஆய்வு இவ்வழிக்குப் பெரும் வெளிச்சம் தந்தது. நம் சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர், இந்தியருக்கென ஒரு நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறையை 2005-இல் வெளியிட்டார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பது, இந்நான்கே. நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். ஒரு நாடாவும் உண்மை பேசும் நாவும் இருந்தால் போதும்!

மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டப் படிவமும் இவ்வகையே. அதில் மதிப்பெண் 4-ஐத் தாண்டியவரை நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை. முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் என்று குறித்துக் கொள்கிறார்கள். நாம் சொல்லும் இரண்டு பொய்கள் ஐந்தை மூன்றாக்கிவிடும். வரிசையில் முன்னே நிற்க வேண்டியவர் பின்னே தள்ளப்படுவார். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. ஆனால் வாசலுக்கு வரும் மருந்தும், நோய் இருப்பதாக எழுதப்பட்டவருக்குத்தானே வரும்?

ஏன் மறைக்கிறோம்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் 'சர்க்கரைக் குடும்பம்' என்ற பேச்சு எழுந்துவிடுமோ என்ற அச்சம். அத்தாவின் எதிரில் பீடி குடிப்பதாக மகன் சொல்ல மாட்டான். மாமியார் அருகில் இருக்கும்போது மார்பில் கட்டி உண்டா என்ற கேள்விக்கு மருமகள் தலையைத்தான் அசைப்பாள். ஆகவே கேட்க வரும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: ஆளைத் தனியே அமர்த்திக் கேளுங்கள். ஆண்களுக்கும் ஒன்று: அந்நேரம் தயவுசெய்து நகர்ந்து கொள்ளுங்கள்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் பொழுது சாய்ந்தே திரும்புகிறார்கள். பகலில் படிவம் வரும்போது அவர்களுக்காகப் பக்கத்து வீட்டார் விடை சொல்கிறார்கள்! வேலையிடத்துப் புகை, தூசி பற்றிக் கேள்வி இருக்கிறது. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதைப் பெயர் சொல்லிக் கேட்கும் வரி நான் பார்த்த படிவத்தில் இல்லை. மருந்து அடிப்பவர்கள் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக் கொள்ளட்டும்.

கடைசியில் மனத்தைப் பற்றிய இரண்டு கேள்விகள் வருகின்றன. கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா? சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்தீர்களா? ஈமான் உள்ளவருக்கு இதெல்லாம் வராது என்று நம்மவர்கள் சிரித்துவிடுகிறார்கள். மகனைப் பிரிந்த துயரத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆனில் ஓதுபவர்கள்தாம் நாம்.

மறுநாளே அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அதற்கு முந்திய மாற்றம் என்றார் மருத்துவர். புகையிலையை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். வெற்றிலைப் பெட்டி இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. பாக்கு, சுண்ணாம்போடு சரி. பாக்கையும் விடச் சொல்லி மருத்துவர் கடிந்து கொண்டிருக்கிறார்; அந்த வழக்கு நடந்து கொண்டிருக்கிறது.

அந்தச் சகோதரியைத் தேடிப் பிடித்துப் படிவத்தைத் திருத்தச் சொன்னேன். இப்போது அவர் தெருமுனையில் தெரிந்தாலே நான் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு விடுகிறேன். அம்மா தாமே விடை சொல்கிறார்கள்.